விஷவாயு “தாக்கியது” என்பது எப்படி?

தினசரிப் பத்திரிகை படிக்கிற எவருக்கும் ஒரு சேதி பழகிப் போய்விட்டது. “கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் விஷவாயு தாக்கிச் சாவு, காப்பாற்றப் போன இருவரும் பலி” என்கின்ற சேதிதான் அது. ஊரின் பெயர் மாறும், செத்தவர்களின் வயது மாறும். வாசகம் மாத்திரம் மாறுகிறதில்லை. படிக்கிறவர்களும் “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறார்கள். யாரும் அந்த வாசகத்தில் இருக்கிற சூதைக் கவனிக்கிறதில்லை.

“விஷவாயு தாக்கி” என்றால் என்ன அர்த்தம்? தாக்கினது வாயு, தாக்கப்பட்டவன் மனிதன். ஆகவே குற்றவாளி வாயு என்று ஏற்பட்டுவிடுகிறது. புலி அடித்தது, பாம்பு கடித்தது, இடி விழுந்தது என்பது போல வாயுவும் எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டது என்றால், அப்புறம் யாரைப் பிடித்துக் கேட்பது? முன்காலத்தில் பாழுங்கிணற்றில் தூர் வாரப் போனவன் செத்தால் “முனி அடித்துவிட்டது” என்றார்கள். இப்போது முனிக்குப் பதில் வாயு வந்திருக்கிறது. பெயர்தான் சயன்ஸ் பெயரே ஒழிய, புத்தி பழைய புத்தியேதான்.

ஆகையால் அந்தத் தொட்டிக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு, மனிதன் உயிரோடிருக்கிறான் என்றால் அவன் உடம்பில் என்ன காரியம் நடந்து கொண்டிருக்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும்.

நம் நாட்டுச் சாஸ்திரக்காரர்களைக் கேட்டால் இதற்குத் தயாராகப் பதில் வைத்திருக்கிறார்கள். உடம்பில் பிராணன், அபானன் முதலாகத் தனஞ்சயன் ஈறாகப் பத்து வாயுக்கள் இருக்கின்றனவாம். ஒன்பது வாயுக்கள் சாவின்போதே போய்விட்டாலும், பத்தாவதான தனஞ்சயன் மாத்திரம் பிணத்திலேயே தங்கியிருந்து, உடலை வீங்க வைத்து, மூன்றாம் நாள் மண்டையைப் பிளந்துகொண்டு வெளியேறுமாம். இதைக் கண்ணால் கண்டவர் யார், அந்த வாயுவை அளந்தவர் யார் என்று கேட்டால் நாஸ்திகன் என்று பட்டம் கிடைக்கும். ஆக்ஸிஜன் என்கிற வாயுவுக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள்கூடப் “பிராணவாயு” என்று வைத்துவிட்டபடியால், படித்த கனவான்களும் “பார்த்தீர்களா, எங்கள் ரிஷிகள் அன்றைக்கே பிராணன் என்று சொல்லிவிட்டார்கள்” என்று மார்தட்டுகிறார்கள். பெயரைக் கடன் வாங்கி ஒட்ட வைத்துவிட்டு, அந்தப் பெயரையே சாட்சிக்குக் கூப்பிடுகிற சாமர்த்தியம் இந்த நாட்டிற்கே உரியது.

உண்மையில் நடந்தது வேறு. 1774-ல் பிரீஸ்ட்லி என்கிற ஆங்கிலேயர், பாதரச ஆக்ஸைடைச் சூடாக்கி இந்த வாயுவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவருக்கு முன்னதாகவே ஷீலே என்பவரும் அதைப் பிரித்திருந்தார். பாரிசில் இருந்த லவாய்சியர் அதைக் கொண்டு பெரிய விஷயம் ஒன்றைக் கண்டார். 1782–83-ம் வருஷத்துக் குளிர்காலத்தில் அவரும் லாப்லாஸ் என்பவரும், கினிப் பன்றி என்கின்ற சிறு பிராணி ஒன்றைச் சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்திற்குள் வைத்தார்கள். அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகிற்று என்பதை நிறுத்தார்கள். அது மூச்சில் விட்ட கரியமிலவாயு எவ்வளவு என்பதையும் அளந்து, அதே அளவு கரியமிலவாயு உண்டாகும்படி அடுப்புக் கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்றும் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்து வந்தன. மூச்சு விடுவது என்பது மெதுவாக எரிகிற எரிப்பே, உடம்பு ஒரு அடுப்பே என்று அவர்கள் சொன்னார்கள். இது பனிக்கட்டியும் தராசும் வைத்துப் பார்த்த பார்வை, ஞானதிருஷ்டி அல்ல. (அந்த லவாய்சியரையே 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் தலையை வெட்டினார்கள். வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார் என்பது குற்றம். புரட்சிக்காரர் செய்த காரியம் எல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை.)

லவாய்சியர் ஒரு விஷயத்தில் தவறினார். எரிப்பு நுரையீரலில் நடக்கிறது என்று நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அது நுரையீரலில் அல்ல, இரத்தத்திலும் அல்ல, உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் உள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மூக்கால் இழுக்கிறது வெறும் போக்குவரத்து. நிஜமான மூச்சு, கண்ணுக்குத் தெரியாத உயிரணுவின் வயிற்றுக்குள் நடக்கிறது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டிச் சங்கதிக்கு இதுதான் ஆதாரம்.

உயிரணு தின்பது முக்கியமாய்ச் சர்க்கரை. நாம் சோறு தின்றாலும் கேழ்வரகுக் களி தின்றாலும் கடைசியில் குளுக்கோஸ் என்கிற சர்க்கரையாகத்தான் அதற்குப் போய்ச் சேருகிறது. முதல் வேலையாக உயிரணு அந்தச் சர்க்கரையை இரண்டாக உடைக்கிறது. இதற்குப் பிராணவாயு வேண்டியதில்லை. இப்படி உடைத்ததில் வருகிற சக்தி அற்பம். உயிரணுவுக்குள் சக்தியைச் சில்லறையாக மாற்றிச் செலவு செய்வதற்கு ஏ.டி.பி. என்கிற ஒரு பொருள் உண்டு. அதை நாணயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்க்கரையை உடைத்தால் லாபமாக நிற்பது இரண்டு நாணயம். அதோடு சரி.

பிராணவாயு இல்லாத இடத்தில் வாழ்கிற உயிர்கள் இந்த இரண்டைக் கொண்டே காலம் தள்ளுகின்றன. நம் தென்னந்தோப்பிலும் பனங்காட்டிலும் பார்த்தால் தெரியும். கலயத்திற்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். அந்தக் கலயத்தில் சாமியும் இல்லை, சாத்தானும் இல்லை. ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் பாளைச் சாற்றின் சர்க்கரையை உடைத்து, தனக்கு இரண்டு நாணயத்தை எடுத்துக்கொண்டு, மீதியைச் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் கழித்துவிடுகிறது. சுண்ணாம்பு அந்த நுண்ணுயிரைத் தலையெடுக்க விடுகிறதில்லை. கள் நுரைக்கிறது கரியமிலவாயுவினால். சாராயத்தில் தீக்குச்சி வைத்தால் எரிகிறது ஏன்? சர்க்கரையிலிருந்த சக்தியில் பெரும்பாகத்தை ஈஸ்ட் எடுத்துக்கொள்ளத் தெரியாமல் அதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த மீதிதான் எரிகிறது. நாம் ஓட்டமாய் ஓடும்போது தசைக்குப் பிராணவாயு வந்து சேருவதற்குள் அவசரம் முந்திக்கொள்ளுகிறபடியால், நம் தசையும் சற்று நேரம் இதே காரியத்தைச் செய்கிறது. ஆனால் அதில் சாராயம் உண்டாவதில்லை. லாக்டிக் அமிலம் உண்டாகிறது. இந்த வழி சில நிமிஷத்துக்கு மேல் ஓடாது.

இனி மற்ற வழியைப் பார்ப்போம். பிராணவாயு கிடைக்கிற உயிரணு, உடைந்த சர்க்கரைத் துண்டுகளைத் தூக்கி எறிகிறதில்லை. அவற்றை மைட்டோகாண்ட்ரியா என்கின்ற சிற்றறைகளுக்குள் அனுப்புகிறது. அங்கே கரிப் பாகம் எல்லாம் கரியமிலவாயுவாகப் பிரிகிறது. 1937-ல் கிரெப்ஸ் என்பவர் இந்தச் சுற்றை ஒழுங்குபடுத்திக் காட்டினார். மிச்சமிருக்கிற ஹைட்ரஜனின் எலெக்ட்ரான்கள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே கீழே இறங்குகின்றன. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாய் நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கிறார்களே, அதைப் போல. ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சக்தி கிடைக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டே நாணயம் அடிக்கப்படுகிறது. வரிசையின் கடைசியில் நின்று சட்டியை வாங்கிக் கொட்டுகிறது பிராணவாயு. அது எலெக்ட்ரானையும் ஹைட்ரஜனையும் வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடுகிறது. நாம் மூச்சு இழுப்பதெல்லாம் இந்தக் கடைசி இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான், வேறு எந்த மகிமைக்காகவும் அல்ல. இந்த வழியில் ஒரு சர்க்கரைக்குச் சுமார் 30 நாணயம் தேறுகிறது. பழைய புத்தகங்களில் 36, 38 என்று போட்டிருக்கும். இரண்டு எங்கே, முப்பது எங்கே!

இந்த நாணயத்தின் சங்கதியில் நம் சென்னை மாகாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-ல் அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர், பிஸ்க் என்பவரோடு ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்துகொண்டு 1929-ல் தசையிலிருந்து இந்த ஏ.டி.பி.யைப் பிரித்தார். அதே வருஷம் ஜெர்மனியில் லோமான் என்பவரும் பிரித்தார். கோவில் கும்பாபிஷேகத்துக்கு லக்ஷக்கணக்கில் செலவு செய்கிற ஊர்களில் இந்த சுப்பாராவ் என்கிற பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

உடம்பில் இந்த நாணயத்தைச் சேர்த்து வைக்கப் பெட்டி கிடையாது. எந்த ஒரு நேரத்திலும் இருப்பில் இருப்பது சொற்பம். ஆனால் ஒரு நாளில் ஒரு மனிதன் ஏறக்குறையத் தன் உடல் எடைக்குச் சமமான அளவு ஏ.டி.பி.யை அடித்துச் செலவு செய்து மறுபடி அடிக்கிறான். கூலிக்காரன் வீட்டு அரிசிப் பானை போல, அன்றைக்கு வந்தது அன்றைக்கே சரி. அதனால்தான் வரவு நின்றால் குடும்பம் நிமிஷக் கணக்கில் முடிந்துவிடுகிறது. எடையில் உடம்பில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கைத் தின்கிறது. மூளைக்கு இரத்தம் நின்றால் 10 வினாடிக்குள் நினைவு தப்புகிறது. சில நிமிஷத்தில் திரும்பாத கேடு வந்துவிடுகிறது. இதுதான் “உயிர் போவது”. ஏதோ ஒன்று உடம்பை விட்டுப் பறந்து போகிறதில்லை. அடுப்பு அணைந்தால் நெருப்பு எங்கே போயிற்று என்று யாராவது தேடுகிறார்களா?

பிணம் விறைக்கிறதே, அதற்கும் கணக்கு இதிலேயே இருக்கிறது. சுருங்கின தசை மறுபடி தளர வேண்டுமானாலும் ஏ.டி.பி. வேண்டும். செத்த பிறகும் தசையணுக்கள் சற்று நேரம் பிராணவாயு இல்லாத வழியில் ஒன்றிரண்டு காசு அடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் தீர்ந்து போனதும், இருந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளுகின்றன. பிறகு குடலில் உள்ள கிருமிகள் பிராணவாயு இல்லாமலே பெருகி வாயுவை உண்டாக்குவதால் வயிறு வீங்குகிறது. சாஸ்திரக்காரர்களுடைய தனஞ்சயன் இந்தக் கிருமிகளின் ஏப்பமே தவிர வேறில்லை.

“இதெல்லாம் சரி, ஆனால் உயிருள்ள பொருளுக்கு மாத்திரம் ஒரு தனிச் சக்தி உண்டு; அது இரசாயனத்துக்கு அகப்படாது” என்று ஐரோப்பாவிலும் பெரிய மேதைகள் சொல்லிக் கொண்டிருந்தார்கள். பாஸ்டர் எவ்வளவோ பெரியவர். புளிப்பது நுண்ணுயிரின் வேலை என்று நிரூபித்தவர். காற்றில்லாமலும் உயிர் உண்டு என்று காட்டினவர். அவரே, உயிருள்ள அணு இல்லாமல் புளிப்பு இல்லை என்று உறுதியாய் இருந்தார். 1897-ல் ஜெர்மனியில் எட்வர்டு புக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுகூட இல்லாத வெறும் சாற்றை எடுத்தார். கெடாமலிருப்பதற்காக அதில் சர்க்கரையைப் போட்டார். சாறு நுரைத்தது! செத்த சாறு சர்க்கரையைச் சாராயமாக்கிற்று. இதற்கு அவருக்கு 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது. உயிருக்கென்று ஒரு தனித் தத்துவம் இருக்கிறது என்கின்ற வாதம் அன்றைக்கு அந்தச் சாற்றில் செத்தது. நம் மடாதிபதிகளுக்கு அந்தச் சாவுச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

மைட்டோகாண்ட்ரியா விஷயத்தில் வருணாசிரமக்காரர்கள் கேட்டால் வருத்தப்படுகிற இரண்டு சங்கதிகளையும் இங்கே சொல்லிவிடலாம். ஒன்று, அந்தச் சிற்றறைகள் மிகப் பழைய காலத்தில் தனியாய்த் திரிந்த கிருமிகள். வேறொரு அணுவுக்குள் புகுந்து குடித்தனம் செய்யத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டவை. பிறன் தொட்டால் தீட்டு என்று விலகிப் போகிறவர் உடம்பிலும், அணு அணுவாய்க் கிருமியின் வம்சந்தான் உட்கார்ந்து அவருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று, அவை பிள்ளைக்குத் தாயிடமிருந்தே வருகின்றன, தகப்பனிடமிருந்து அல்ல. கோத்திரம் தகப்பன் வழி என்று எழுதி வைத்தவர்கள், மூச்சு தாய் வழி என்பதைக் கண்டார்களில்லை. நம்முடைய சிவப்பணு விஷயமும் வேடிக்கையானது. பிராணவாயுவை உடம்பெல்லாம் சுமந்து போகிற அதனிடத்தில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. தான் சுமக்கிறதில் ஒரு துளிகூட உண்ணாமல், அந்த இரண்டு நாணய வழியிலேயே தன் சீவனத்தை நடத்துகிறது. “பார், இயற்கையிலேயே சுமக்கிறவன் வேறு, உண்கிறவன் வேறு” என்று யாரும் இதைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டாம். சிவப்பணுவுக்குப் பசியும் இல்லை, பெண்டு பிள்ளையும் இல்லை.

நிற்க. நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இராத்திரியில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதை மறுக்கப் புறப்பட்ட நம் பிரசங்கிகளில் சிலர், “அது பேய் அல்ல, மரம் இராத்திரியில் கரியமிலவாயுவை விடுகிறது, அதனால் மூச்சுத் திணறுகிறது” என்று மேடையில் சொல்லுகிறார்கள். மரமும் மூச்சு விடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து போகிறதேயன்றி யாரையும் அமுக்குகிற அளவு தேங்குகிறதில்லை. பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருந்தால் அவரும்தான் கரியமிலவாயு விடுகிறார். பேயை ஓட்டப் போய்ப் பொய்யை உட்கார வைக்கிறது பகுத்தறிவாகாது. மூடின குழி மாத்திரம் வேறு விஷயம். அதற்கே இப்போது வருகின்றோம்.

மலத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது? வீட்டில் இருந்து போகிற கழிவும் நீரும், அதைத் தின்று வாழ்கிற கோடானுகோடி கிருமிகளும் இருக்கின்றன. மூடி போட்டு அடைத்திருக்கிறபடியால், உள்ளே இருந்த பிராணவாயு சீக்கிரத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் அங்கே தழைப்பவை பிராணவாயு இல்லாமல் வாழத் தெரிந்த கிருமிகள். அவற்றில் சில, ஈஸ்டைப் போலப் புளிக்க வைத்து வாழ்கின்றன. சில மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இன்னும் சிலவற்றின் வழி விசேஷமானது. அவற்றிடமும் சித்தாள் வரிசை உண்டு. ஆனால் வரிசையின் கடைசியில் பிராணவாயுவுக்குப் பதிலாய் சல்பேட் என்கிற கந்தக உப்பை நிறுத்திச் சட்டியை அதன் தலையில் கொட்டிவிடுகின்றன. இதுவும் மூச்சுதான், பிராணவாயு இல்லாத மூச்சு. நம் மூச்சில் கடைசியாய் உண்டாவது தண்ணீர். அவற்றின் மூச்சில் உண்டாவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாற்றம் என்கிறோமே, அந்த வாயு.

அந்தத் தொட்டியில் மனிதன் இறங்குகிறான். இந்த வாயு அவனுடைய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், வரிசையின் கடைசியில் சட்டியைப் பிராணவாயுவின் கையில் கொடுக்கிற புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுகிறது. சயனைடு விஷம் எந்த இடத்தைப் பிடிக்கிறதோ அதே இடம். கடைசி ஆள் கையை அசைக்க முடியாமற் போனால், முன்னால் நிற்கிற எல்லோரும் நிறைந்த சட்டியோடு நின்றுவிடுகிறார்கள். இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் பிரயோஜனமில்லை. முப்பது நாணயம் வந்துகொண்டிருந்த வீட்டில் திடீரென்று இரண்டு மாத்திரம் வருகிறது. தசை சற்றுத் தாங்கும், மூளை தாங்காது. மூச்சு விடும்படி உத்தரவு கொடுக்கிற இடமும் மூளையில்தான் இருக்கிறது. அது நின்றால் நெஞ்சும் நிற்கிறது. அளவு மிகுந்திருந்தால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுகிறான், கூப்பிடக்கூட நேரமிருப்பதில்லை.

“நாற்றம் அடித்தால் தெரியாதா, ஏறி வந்துவிட மாட்டானா?” என்று கேட்கலாம். இந்த வாயுவின் கொடுமை அதில்தான் இருக்கிறது. கொஞ்சமாய் இருந்தால் நாறும். காற்றில் பத்து லக்ஷத்தில் 100 பங்குக்கு மேல் போனால் மூக்கின் நரம்பை மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று அவன் நினைக்கிற நேரந்தான் பயமான நேரம். மேலும், மூடியைத் திறந்து அரை நாள் வைத்திருந்தோமே, வாயு போயிருக்குமே என்கிறார்கள். மேலே இருந்தது போயிருக்கலாம். சேற்றுக்குள் கரைந்தும் அடைபட்டும் கிடப்பது போவதில்லை. ஆள் இறங்கிக் காலால் மிதித்துக் கோலால் கிளறும்போது ஒரே மூச்சாய்க் கிளம்புகிறது. விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்கிறார்கள். விளக்குக்குப் பிராணவாயுக் குறைவு தெரியுமே தவிர, உயிரைக் கொல்லப் போதுமான இந்த வாயு தெரியாது. மீத்தேன் இருந்தாலோ விளக்கே வெடிக்கு வழி. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டான் என்கிறார்கள். துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்குமா?

இந்த வாயு இல்லாமல் வெறும் பிராணவாயு இல்லாத குழியானாலும் கதை அதேதான். நல்ல காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. “நான் தண்ணீருக்குள் இரண்டு நிமிஷம் மூச்சடக்கி இருப்பேன்” என்கிற வாலிபன், அந்தக் குழியிலும் அப்படி இருக்கலாம் என்று நினைக்கிறான். தண்ணீரில் அவன் நெஞ்சில் நல்ல காற்று அடைபட்டிருக்கிறது. குழியிலோ அவன் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும், கொடுப்பதற்குப் பதிலாய், இரத்தத்தில் இருக்கிற பிராணவாயுவையும் வெளியே வாங்கிக்கொண்டு போகிறது. காப்பாற்றக் குதிக்கிற அண்ணனும் தம்பியும் மச்சானும் முதல் ஆளுக்குப் பின்னாலேயே விழுவது இதனால்தான். பயந்து மூச்சு வாங்க ஓடி வந்தவன் மற்றவனைவிட ஆழமாய் இழுக்கிறான்.

ஆகவே இதில் தெரியாத விஷயம் என்ன இருக்கிறது? 1920-களில் கெய்லின் அந்த வரிசையைக் கண்டார். வார்பர்க் கடைசி ஆளைக் கண்டதற்கு 1931-ல் நோபல் பரிசு வாங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இன்றைக்கு “காற்றுள்ள சுவாசம், காற்றில்லாச் சுவாசம்” என்று நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள். அவர்களில் அநேகர் பிறகு இஞ்சினீயராகவும் நகரசபை அதிகாரியாகவும் வருகிறார்கள். பரீட்சைத் தாளில் எழுதினது, ஆளைத் தொட்டிக்குள் இறக்கும்போது மாத்திரம் ஞாபகத்துக்கு வராமற் போவானேன்?

ஏனென்றால், இறங்குகிறவன் யார் என்பது அவர்களுக்கு நிச்சயமாய்த் தெரியும். மந்திரி மகனோ, மிராசுதார் மருமகனோ, கோவில் தர்மகர்த்தாவோ அதில் இறங்கப் போகிறதில்லை. அருந்ததியரும் அவரைப் போன்று தாழ்த்தப்பட்ட மற்ற வகுப்பாரும் பாட்டன் காலந்தொட்டு இந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள். சயனைடுக்கு ஒப்பான வாயு இருக்கும் என்று தெரிந்த அறைக்குள் மற்றொருவனை முகமூடியும் காற்றுக் குழாயும் இல்லாமல் அனுப்பினால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. அந்த அறை மலத் தொட்டியாயும், அந்த மற்றொருவன் கீழ்ஜாதி என்று வைக்கப்பட்டவனாயும் இருந்தால், அதற்கு “விபத்து” என்று பெயர்.

இதற்கென்று சட்டம் இல்லாமலுமில்லை. 1993-ல் ஒன்று, அது போதாமல் 2013-ல் ஒன்று. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குகிறவனுக்கு முதல் தடவைக்கே 2 வருஷம் வரை காவலும் 2 லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. செத்தவன் குடும்பத்துக்கு 10 லக்ஷம் கொடு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2023-ல் அதையே 30 லக்ஷமாக உயர்த்திற்று. இவ்வளவுக்கும் பிறகு சாவு நின்றதா என்றால் இல்லை. அரசாங்கம் பார்லிமெண்டில் கொடுத்திருக்கிற கணக்குகளிலேயே நம் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. சமூக சீர்திருத்தத்தின் தாய்வீடு என்று நாம் சொல்லிக்கொள்ளுகிற நாட்டின் யோக்கியதை இது.

“குடித்துவிட்டு இறங்கினான், அதனால் செத்தான்” என்று கண்டிராக்டர் சொல்லுகிறார். அந்த நாற்றத்தில் குடிக்காமல் இறங்கிவிட அந்தக் கண்டிராக்டரால் முடியுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஹைட்ரஜன் சல்பைடு குடிகாரனுடைய வரிசையை மாத்திரம் தேடிப் பிடிக்கிறதில்லை. மதுவிலக்குப் பிரசாரகரை இறக்கினாலும் அவருடைய கடைசி ஆளையும் அப்படியேதான் பிடிக்கும். “அவனாக இறங்கினான், நாங்கள் சொல்லவில்லை” என்கிறார் வீட்டுக்காரர். முதல்நாள் அவனோடு கூலி பேசினது யார்? “அவனுடைய தலையெழுத்து” என்கிறார் புரோகிதர். அந்த எழுத்து ஏன் எப்போதும் ஒரே தெருவில் இருக்கிற தலைகளில் மாத்திரம் எழுதப்பட்டிருக்கிறது என்று நாம் கேட்டால் பதில் இல்லை.

“இயந்திரத்துக்குப் பணம் எங்கே” என்பது நகரசபைக்காரர்களின் ஆக்ஷேபணை. கழிவை உறிஞ்சுகிற லாரிகள் நம் ஊர்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2018-ல் திருவனந்தபுரத்தில், சாக்கடைக் குழிக்குள் இறங்கிக் கைபோல் வேலை செய்கிற இயந்திரம் ஒன்றை இஞ்சினீயர் வாலிபர்களே செய்து ஓட்டிக் காட்டிவிட்டார்கள். வாயு இருக்கிறதா என்று சொல்லுகிற கையடக்கக் கருவி, பெட்ரோல் கம்பெனிக்காரர்களுடைய சிப்பந்திகளின் சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவனுக்குக் கிடைக்கிறது, மலத் தொட்டியில் வேலை செய்கிறவனுக்கு ஏன் கிடைப்பதில்லை? இரண்டு பேருடைய உயிரணுவும் ஒரே விதமாகத்தானே மூச்சு விடுகிறது?

போலீசார் எழுதுகிற முதல் அறிக்கையில் இன்னும் “விஷவாயு தாக்கி” என்றே எழுதுகிறார்கள்; சவப் பரிசோதனைத் தாளில் “மூச்சுத்திணறல்” என்று ஒரு வார்த்தை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வழக்கு பலவீனமாகிப் போகிறது. அந்தத் தொட்டியில் அன்றைக்கு என்ன வாயு எவ்வளவு இருந்தது, அளந்து பார்த்தார்களா, அளக்காமல் இறங்கச் சொன்னவர் யார், அவருக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கினவர் யார் என்கின்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் அந்தத் தாள்களில் இருக்க வேண்டும் என்று, செத்தவனுடைய சுற்றத்தாரும் சங்கத்தாரும் பிணத்தை வாங்குவதற்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும்.